மேஸ்திரிக்குக் கேட்ட சாவிச் சத்தம்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் இங்கே இருக்கிற இடத்தில் இருக்கிறபடி நலமாக இருக்கிறோம், நீயும் அங்கே அலை குலுக்கினாலும் மனசு குலுங்காமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நலமாக இருக்க வேண்டும், இது அம்மா சொன்ன முதல் வரி. இது அம்மாவின் கடிதம், கை மட்டும் என்னுடையது. அம்மாவின் வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது, எலும்பு முறியவில்லை, பிசகியிருக்கிறது, அவ்வளவுதான், நீ உடனே பதறாதே. லாண்டரியில் அவளை இஸ்திரிப் பக்கம் விடாமல் டோக்கன் கொடுக்கும் இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள், இவ்வளவு வருஷத்தில் இப்பதான் ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்தேன் என்று சொல்லிச் சிரிக்கிறாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், நடுவில் அடுப்பைப் பார்க்க எழுந்து போகும்போது நானாகவும் சிலது எழுதிவிடுவேன், அதற்கு அவளிடம் கோபித்துக்கொள்ளாதே.

முதலில் ஒன்று. இதை இயந்திர அறையில் நின்றுகொண்டு படிக்காதே. வேலை முடிந்து, கையில் இருக்கிற எண்ணெயைக் கழுவிவிட்டு, உன் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து படி. அப்பா போன செய்தியைக் கப்பலுக்குப் போன் போட்டுச் சொன்னபோது நீ சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் வால்வைத் திருப்பப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டாயே, அதை நீ சாதாரணமாகத்தான் எழுதியிருந்தாய், ஆனால் அம்மா இன்றைக்கும் குக்கர் ஆவி விடும்போதெல்லாம் தன் முழங்கையைத் தடவிக்கொள்கிறாள். அதனால்தான் இந்த விஷயத்தைப் போனில் சொல்லக் கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறாள். கொதிக்கிற இரும்புக்குப் பக்கத்தில நிக்கிற பிள்ளைகிட்ட இதச் சொல்லவே மாட்டேன், துறைமுகத்துல எறங்கி உக்காந்து படிக்கட்டும் என்கிறாள். கம்பெனி அலுவலகத்துக்கு அனுப்புகிறோம், அடுத்த கரையில் உன் கையில் கொடுப்பார்கள்.

விஷயம் மேஸ்திரியைப் பற்றி. இதை எழுதும்போது மேஸ்திரி என் காலடியில்தான் படுத்திருக்கிறான், அவன் மூச்சு என் கால்விரலில் படுகிறது. நீ இதைப் படிக்கும்போது என்று எழுத ஆரம்பித்தேன், அம்மா அந்த வாக்கியத்தை முடிக்காதே என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே அடுப்பில் ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும்.

ஒரு நாய்க்கு யாராவது மேஸ்திரி என்று பெயர் வைப்பார்களா என்று உங்கள் கப்பல் சமையல்காரர் கேட்டதாக எழுதியிருந்தாய், அவருக்குப் பதில் சொல்லிவிடு. அப்பா நூலகத்தில் கதவு திறந்து பூட்டுகிற வேலையில் இருந்தபோது அங்கே புது அறை கட்டினார்கள், எங்கிருந்தோ வந்த குட்டி ஒன்று சிமென்ட் மூட்டை மேல் ஏறி நின்று கொத்தனார் ஒவ்வொருவரையும் முறைத்துப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போகுமாம், சம்பளம் வாங்காத மேஸ்திரி இவன் ஒருத்தன்தான் என்று அப்பா வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். அன்றைக்கு அம்மா இது வீட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போறேன் என்று சொன்னது உனக்கு நினைவிருக்கும். வேடிக்கை என்னவென்றால் கடைசியில் அது அப்படியேதான் நடந்தது. அதை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை, நீ சிரிப்பாய் என்று அம்மாவுக்குக் கூச்சம், நீ அழுவாய் என்று எனக்குப் பயம்.

நம் தெருவில் யாரோ இறைச்சியில் விஷம் வைத்துத் தையல்காரர் வீட்டு நாய் துடித்துச் செத்ததே, அதிலிருந்து அப்பா மேஸ்திரிக்கு ஒரு பழக்கம் உண்டாக்கினார் அல்லவா, சாயங்காலம் அவர் வந்து நூலகத்துச் சாவிக்கொத்தை வாசல் ஆணியில் மாட்டுகிற சத்தம் கேட்டால்தான் தட்டில் வாய் வைக்க வேண்டும், அதற்கு முன்னால் யார் எதைக் கொடுத்தாலும் தொடக் கூடாது. அவன் அதை ஒரு நாளும் மீறவில்லை. அப்பா போனதும் நூலகத்திலிருந்து ஆள் வந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், அது அவர்கள் சாவி, என்ன செய்வது. மேஸ்திரி தட்டைப் பார்ப்பான், ஆணியைப் பார்ப்பான், தலையைக் கீழே போட்டுக்கொள்வான். பட்டினி கிடந்து விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. வீட்டில் இருக்கிற பழைய சாவி எல்லாவற்றையும் ஒரு வளையத்தில் கோத்தாள். பத்தவில்லை. நான் தெருவில் வீடு வீடாகப் போய் உபயோகம் இல்லாத சாவி இருக்கிறதா என்று கேட்டு வாங்கி வந்தேன், தையல்காரர் ஒரு டிரங்குப் பெட்டிச் சாவி கொடுத்தார், மருந்துக் கடைக்காரர் விற்றுவிட்ட ஸ்கூட்டரின் சாவியைக் கொடுத்தார். ஆட்டிப் பார்த்தோம், மேஸ்திரி தலையைத் தூக்கினான், கேட்டான், மறுபடி படுத்துவிட்டான். சத்தம் மெலிசாக இருந்திருக்கிறது. கடைசியில் அப்பா தனக்கென்று தனியாக வைத்திருந்த நம் வாசல் கதவின் பித்தளைச் சாவி, அந்தக் கனமான சாவி, அதைச் சேர்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டான்.

வீட்டுக்குள்ளேயே நின்று ஆட்டினால் நம்ப மாட்டான். அதனால் அம்மா லாண்டரியிலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு, சாவிக்கொத்தை முந்தானையில் சுற்றிச் சத்தம் வராமல் பின்வாசல் வழியாக வெளியே போவாள், பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றித் தெருவுக்கு வருவாள், முன்வாசல் படி ஏறும்போது முந்தானையிலிருந்து சாவியை எடுத்து ஆட்டிக்கொண்டே உள்ளே வந்து ஆணியில் மாட்டுவாள், பிறகு குனிந்து அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவாள். அவன் சாப்பிடுவான். மழையானாலும் போவாள், காய்ச்சலானாலும் போவாள். தையல்காரர் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, என்னக்கா, டியூட்டி முடிஞ்சுதா என்பார், அம்மா, ஓவர்டைம் தம்பி, யார் குடுக்கறா என்பாள். தினமும் இதே பேச்சுத்தான், இருவருக்கும் அலுக்கவே இல்லை. அக்கா, நான் இதையும் சொல்லிவிடுகிறேன், அந்தச் சத்தம் கேட்கும்போது நான் என்ன படித்துக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிடுவேன். அப்பா இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஆணியில் சாவி விழுந்த பிறகுதான் எங்களுக்கும் சாயங்காலம் ஆகும்.

அம்மா வந்துவிட்டாள். சுற்றி வளைக்காமல் எழுதச் சொல்கிறாள். கொஞ்ச நாளாக மேஸ்திரி தண்ணீராகக் குடித்தான், வாயில் ஒரு வாடை வந்தது, நம் வாசல் படியை அவனால் ஏற முடியவில்லை, அம்மா தூக்கிக்கொண்டு இறங்கும்போதுதான் ஈரப்படியில் சறுக்கிக் கையைப் பிசகிக்கொண்டாள், விழும்போதும் அவனை விடவில்லை. பிறகு படுக்கும்போது முனக ஆரம்பித்தான். வலியில் முனகுவது போலக்கூட இல்லை, மன்னிப்புக் கேட்கிற மாதிரி மெதுவாக. பிறகு சாவி மாட்டிய பின்னும் சாப்பிடவில்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது தெருமுனையிலேயே நின்றுவிடுவேன், அடுத்த அடி எடுத்து வைக்கப் பயமாக இருக்கும், வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம், அப்பா போன அன்றைக்கு அப்படித்தான் கிடந்தன. அம்மாவின் செருப்பு மட்டும் கிடந்தால்தான் மூச்சு விடுவேன்.

தையல்காரர் ஒரு சாமான் வண்டி பிடித்து வந்து எங்களைக் கால்நடை டாக்டரிடம் கூட்டிப் போனார். அங்கே சீட்டு எழுதுகிறவர் பேர் என்ன என்று கேட்டார், அம்மா மேஸ்திரி என்றாள், அவர் நிமிர்ந்து பார்த்து, வீட்டுக்காரர் என்ன வேலைன்னு கேக்கலம்மா, நாயோட பேரு என்றார். அம்மா, அதாங்க பேரு, எங்க வீட்டுல இப்போ மிச்சம் இருக்கற ஒரே ஆம்பளை இவர்தான், மரியாதையா எழுதுங்க என்றாள். அவர் நிஜமாகவே மேஸ்திரி அவர்கள் என்று எழுதினார். அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம், அன்றைக்கு நாங்கள் சிரித்தது அவ்வளவுதான்.

டாக்டர் ஒரு பெண், ஒல்லியாக, சட்டைப் பையில் பிஸ்கட் வைத்திருந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார். பிறகு மேஸ்திரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு ஒன்றுமே சொல்லாமல் ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார். நான் துள்ளி விழுந்தேன், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், வெளியே கூடையில் இருந்த யாருடைய பூனையோ கத்தியது. மேஸ்திரி மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இவனுக்குக் காது போய் ரொம்ப நாளாச்சேம்மா, ஒரு வருஷம்கூட இருக்கும், உங்களுக்குத் தெரியாதா என்று டாக்டர் கேட்டார். அம்மா, இல்ல டாக்டர், அவனுக்குச் சாவிச் சத்தம் கேக்கும், தினமும் கேட்டுத்தான் சாப்பிடறான் என்றாள். டாக்டர் என்ன சாவி என்று கேட்கவில்லை, அதுவும் கேக்காதும்மா என்று மெதுவாகச் சொன்னார். அக்கா, நாய்க்கு மனிதனைவிடப் பல மடங்கு காது கேட்கும் என்று நூலகத்தில் படித்துவிட்டு வந்து நான்தான் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன், தெருமுனையிலிருந்தே அவனுக்கு உன் சாவி கேக்கும்மா என்று. புத்தகத்தில் இருந்தது சரிதான், ஆனால் அது வயசான நாயைப் பற்றி இல்லை.

மேஸ்திரியின் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டதாம். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், என் பெரிய பொண்ணு வர்றவரைக்கும் தாங்குவானா என்று. டாக்டர், எப்ப வர்றாங்க என்றார். அம்மா குனிந்து மேஸ்திரியின் காதைத் தடவிக்கொடுத்தாள். மாத்திரை தர்றேன், இழுத்துக்கிட்டு இருப்பான், ஆனா அந்த நாளெல்லாம் உங்களுக்குத்தாம்மா, அவனுக்கு இல்ல, வேண்டாம்னு தோணிச்சுன்னா சொல்லுங்க, நானே வீட்டுக்கு வந்து வலிக்காம தூங்க வைச்சுடறேன் என்றார். அம்மா மாத்திரையை வாங்கிக்கொண்டாள்.

இந்த இடத்தில் அம்மா எழுந்து போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து, நீயே எழுது, நான் சொன்னா நல்லாருக்காது என்கிறாள், அதனால் எழுதுகிறேன். அப்பா போனபோது நீ நடுக்கடலில் இருந்தாய், வர முடியவில்லை, அது யார் தப்பும் இல்லை. ஆனால் அந்தக் கப்பல் வேலை முடிந்ததும் நீ வீட்டுக்கு வராமல் இன்னொரு கப்பலில் ஏறிவிட்டாய், அது முடிந்ததும் இன்னொன்று. அம்மா ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. அப்பா இல்லாத வாசல்ல கால் வைக்க அவளுக்குப் பயம், எனக்கே வேலை விட்டு வரும்போது பயமாத்தானே இருக்கு, அவளைச் சொல்லி என்ன என்று என்னிடம் சொன்னாள். போன தடவை போனில் நீயாகவே, இந்தத் தடவை வர்றேம்மா, மேஸ்திரியப் பாக்கணும், நான் வர்றவரைக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கோ என்றாய், அம்மா, ஆகாது, நானாச்சு என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். போனை வைத்துவிட்டுப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் காதில் ஏதோ சொன்னாள், கேட்காத காது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. ஆக அம்மாவின் பயம் அவன் போய்விடுவான் என்பது மட்டும் இல்லை அக்கா. அவன் போய்விட்டால் நீ வருவதற்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விடும் என்பது. அதற்காகத்தான் டாக்டரிடமிருந்து வந்ததும் வராததுமாக மாத்திரையைப் பொடித்து அவன் நாக்கில் தடவிக்கொண்டிருந்தாள், அவன் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பத் திருப்ப, இன்னும் கொஞ்சம்டா, இன்னும் கொஞ்சம்டா என்று.

டாக்டரிடமிருந்து வந்த அன்று சாயங்காலம் அம்மா சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றாள். போவதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை. எனக்கு ஒன்று சொல்லவும் பயமாக இருந்தது, போகாதே என்றால் இத்தனை நாள் போனது என்ன என்று ஆகிவிடும், போ என்றால் யாருக்காக என்று ஆகிவிடும். கடைசியில் போனாள். நான் மேஸ்திரிக்குப் பக்கத்தில் தரையில் அவன் முகத்துக்கு நேராகக் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டேன், உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். தெருவில் தையல்காரர் டியூட்டி முடிஞ்சுதா என்று கேட்டார், அம்மா பதில் சொல்லவில்லை. படியில் சாவி குலுங்கியது. அவன் காது அசையவில்லை. கதவு திறந்தது, சாவி ஆணியில் விழுந்தது, ஒன்றுமில்லை, கண்கூட மூடியே இருந்தது. பிறகு அம்மா குனிந்து அவன் முதுகில் கையை வைத்தாள். உடனே கண் திறந்தது, தலை எழுந்தது, வால் தரையில் ஒரு தரம் அடித்தது. அம்மாவின் இடது கையிலிருந்து பாலில் நனைத்த ரொட்டி ஒரு வாய் வாங்கிக்கொண்டான், அவ்வளவுதான் முடிந்தது, ஆனால் வாங்கிக்கொண்டான். நான் பார்த்ததை அம்மாவும் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் வர்றேன்னு தெரிஞ்சேதான் இவ்வளவு நாளாச் சாப்பிட்டிருக்கான் என்றாள். ரொம்ப நேரம் அவன் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. அவன் முனகினான். அப்புறம் அம்மா, இவன் வலியக் கயிறாத் திரிச்சு அவள இழுக்க வேணாம், டாக்டர வரச் சொல்லிடு என்றாள். அது முந்தாநாள் சாயங்காலம். நாளைக்குக் காலையில் டாக்டர் வருகிறார். இப்போது எழுதுவதை நிறுத்துகிறேன், மேஸ்திரி தண்ணீருக்குத் தலையைத் தூக்குகிறான்.

அக்கா, மறுபடி நான்தான், அம்மா பக்கத்தில் இருக்கிறாள். முடிந்துவிட்டது. அம்மா இந்த ஒரு வார்த்தையைத்தான் முதலில் எழுதச் சொன்னாள், நீ தேடிக்கொண்டு படிக்கக் கூடாதாம்.

டாக்டர் வருவதற்கு முன்னால் என்னைத் தையல்காரர் வீட்டில் இருக்கச் சொன்னாள், நான் மாட்டேன் என்றேன். ஊசி என்றால் எனக்கு எப்படிப் பயம் என்று உனக்குத் தெரியும், அது அவனுக்குப் போடுகிற ஊசி என்றாலும். அம்மா உன் பழைய நீலக் கப்பல் உடுப்பை எடுத்து வந்தாள், முதல் வேலைக்குப் போய்விட்டு வந்து கழற்றிப் போட்டாயே, எத்தனை தரம் துவைத்தும் எண்ணெய் வாடை போகவில்லை என்று அம்மா லாண்டரி ஆட்களிடம் பெருமை அடித்துக்கொள்வாளே, அதுதான். அதை மடித்து அவன் தலைக்குக் கீழே வைத்தாள். காது போனாலும் கண் மங்கினாலும் மூக்கு கடைசி வரைக்கும் வேலை செய்தது. ஒரு மூச்சு இழுத்தான், நிறுத்தினான், மறுபடி இழுத்தான், பிறகு மூக்கை அந்த உடுப்புக் கையின் மடிப்புக்குள் நுழைத்துக்கொண்டான். பெரியவளும் இங்கதாண்டா இருக்கா, எல்லாரும் இருக்கோம் என்று அம்மா சொன்னாள். அவன் வாலை அடித்தான். அம்மா சொன்னதற்கா, உன் வாசனைக்கா என்று நான் ஊகிக்கப் போவதில்லை, அடித்தான் என்பதை மட்டும் எழுதுகிறேன், நான் பார்த்தேன்.

முதல் ஊசியில் தூங்கிவிட்டான், முனகல் நின்றது, அது நின்றபோதுதான் எவ்வளவு நாளாக அதையே கேட்டுக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தது. இரண்டாவது ஊசிக்கு முன்னால் டாக்டர் அம்மாவைப் பார்த்தார், போடலாமா என்று வாயால் கேட்கவில்லை. அம்மா நிமிர்ந்து வாசல் கதவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் ரொம்பப் பயந்துவிட்டேன் அக்கா, நீ வருகிறாயா என்று கடைசியாக ஒரு தரம் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு தலையை அசைத்தாள். அவன் முதுகில் இருந்த அவள் கை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது, அவன் மூச்சோடு, பிறகு மெதுவாக, பிறகு அசையாமல் இருந்தது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு அதைக் கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது சட்டைப் பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார், அது நாய் பிஸ்கட் என்று அவருக்கு நினைவில்லை போலிருக்கிறது, நானும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

நூலகத்தின் பின்பக்கம், அப்பா சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் புதைக்க அனுமதித்தார்கள், குழி தையல்காரர் வெட்டினார். உன் உடுப்போடுதான் வைத்தோம், மன்னித்துக்கொள். பின்கதவைத் திறக்க இப்போது அப்பா வேலையில் இருக்கிறவர் வந்தார், இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். அந்த உண்மையான சத்தம், அக்கா. நாங்கள் செய்தது எவ்வளவு நன்றாக ஒத்துப்போயிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. நான் சட்டென்று கீழே அந்த நீலத் துணியைப் பார்த்தேன், அம்மாவும் அதையேதான் பார்த்தாள்.

சாயங்காலத்தை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருந்தது. அம்மா லாண்டரியில் ஒரு வேலை இருக்கிறது என்று போயிருந்தாள், வந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய் நின்றால் நான் என்ன செய்வேன், போகாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் அதை எப்படிப் பார்ப்பேன். ஆணிக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டது, அது அம்மாவின் நடை, இரண்டாவது படியில் கொஞ்சம் நின்று ஏறுகிற நடை. இத்தனை நாளும் அது சாவிச் சத்தத்துக்கு அடியில் இருந்திருக்கிறது, எனக்குக் கேட்டதே இல்லை, மேஸ்திரிக்குத் தரை வழியாகத் தெரிந்திருக்குமோ என்னவோ. முன்வாசல் வழியாக வெறுங்கையோடு வந்தாள். வந்துட்டேன் என்று சொன்னாள். அவ்வளவு நாளில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை.

பிறகு சாவிக்கொத்தை ஆணியிலிருந்து எடுத்து மடியில் வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள், ஒரு கையால் முடியாமல் நான் வளையத்தைப் பிடித்துக்கொண்டேன். நம் பழைய சாவிகளை டப்பாவில் போட்டுவிட்டு, மற்றதை யார் வீட்டுச் சாவியோ அவர்களிடமே கொடுத்துவிட்டு வந்தேன். தையல்காரர், அந்தப் பெட்டியே வீட்டுல இல்ல பாப்பா, சாவிய வைச்சு நான் என்ன பல்லு குத்தவா என்றார், ஆனால் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மெஷினை ரொம்ப வேகமாக மிதித்தார். கடைசியில் வளையத்தில் ஒரே ஒரு சாவி மிஞ்சியது, நம் வாசல் கதவின் பித்தளைச் சாவி, அப்பாவுடையது. அந்தக் கொத்து முழுக்க ஒரு கதவைத் திறக்கிற சாவி அது ஒன்றுதான். அதைத்தான் இதோடு அனுப்புகிறோம், உறை கிழியாமல் இருக்கத் தையல்காரர் துணியில் வைத்துத் தைத்துக் கொடுத்தார், தையலைப் பல்லால் கடிக்காதே, கத்தரியால் வெட்டு.

இனி அம்மா சொல்வதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன். கண்ணு, வாக்குக் குடுத்துட்டு என்னால காப்பாத்த முடியல. உனக்குக் கோபம் இருக்கும். எல்லாச் செய்தியும் உனக்கு முடிஞ்ச பிறகுதான் வருது, எனக்குத் தெரியும். இனிமே மேஸ்திரியச் சொல்லி உன்ன வரச் சொல்ல முடியாது, அதனால நானே கூப்பிடறேன், வா. கோபம் ஆறின பிறகு வரலாம்னு இருக்காதே, கோபத்தோடயே வா. வாசல்ல கால் வைக்கப் பயமா இருந்தா பயத்தோடயே வா, நான் தினமும் அப்படித்தான் வந்தேன்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உன் கப்பல் போகிற தண்ணீரெல்லாம் உனக்கு வழி விட வேண்டும் என்று அம்மா உன் தலையில் கை வைக்கிற மாதிரி இந்தத் தாளின் மேல் கையை வைத்திருக்கிறாள், அதனால் இந்த வரி கொஞ்சம் கோணலாகப் போகிறது. சாவியை வேலை உடுப்பின் பையில் போடாதே, குனியும்போது கடலில் விழுந்துவிடும், கழுத்தில் கட்டிக்கொள். கை சுட்ட தழும்புக்குக் களிம்பு போடுவதை விட்டுவிடாதே. வரும்போது கதவைத் தட்டாமல் நீயே திறந்து உள்ளே வா, ஆணி அங்கேயேதான் இருக்கிறது. எந்த நாள் என்று எழுதாவிட்டாலும் பரவாயில்லை, சாயங்காலம் ஆனால் நாங்கள் இருவரும் எப்படியும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருப்போம்.

இப்படிக்கு,
உன் அம்மா
(கையெழுத்து அவளே இடது கையால் போட்டது)

எழுதியவள், உன் தங்கை